ஓஎம்ஆரில் வீட்டிலிருந்து வேலை: பயணம் குறைந்தது, உமிழ்வு எவ்வளவு குறைந்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

2000-ல் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு, மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை பழைய மகாபலிபுரம் சாலையின் (ஓஎம்ஆர்) இருபுறமும் ஐ.டி. வளாகங்கள் வந்துவிட்டன. ரயில் மட்டும் கூடவே வரவில்லை. பறக்கும் ரயில் திருவான்மியூரைத் தொட்டுவிட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிடுகிறது. அதற்குத் தெற்கே துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று எங்கே போவதானாலும் சாலை வழிதான். மாநகரப் பேருந்து, கம்பெனி பஸ், கேப், பைக், கார் எல்லாம் ஒரே சாலையில் போகின்றன. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக அந்தச் சாலையின் நடுப்பகுதியும் தடுப்பு வைத்து எடுக்கப்பட்டது.

2020-க்கு முன்பு இங்கே வீட்டிலிருந்து வேலை பரவாததற்கு விதிகளும் ஒரு காரணம். பிற நிறுவனங்களின் வேலையை எடுத்துச் செய்யும் பி.பி.ஓ. நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையின் பதிவுக்கும் வங்கி உத்தரவாதத்துக்கும் கட்டுப்பட்டிருந்தன. 2020 நவம்பரில்தான் அவை தளர்ந்தன. சிறப்புப் பொருளாதார மண்டல வளாகங்களுக்கு 2022 ஜூலையில் வீட்டிலிருந்து வேலையை அனுமதிக்கும் 43ஏ விதி வந்தது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள், மூன்று நாள் அலுவலகம் என்பது வழக்கமாகி, நிறுவனங்களின் அறிக்கைகளில் 'ஊழியர் பயணம் குறைந்ததால் இத்தனை டன் மிச்சம்' என்ற வரியும் ஏறிவிட்டது.

அந்த வரியைத்தான் இங்கே பரிசோதிக்கிறோம். ஒருவர் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தால் கரியமில வாயு எவ்வளவு குறையும்? பதில் ஒரே எண்ணாக வராது. ஒரே மாடியில் உட்காரும் இரண்டு பேரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 கிலோ குறையும், இன்னொருவருக்கு 3 கிலோ கூடும். எந்த வண்டி ஓடாமல் நின்றது, வீட்டில் ஏசி ஓடியதா, அலுவலக மாடியில் விளக்கும் ஏசியும் உண்மையிலேயே அணைக்கப்பட்டனவா என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. எத்தனை நாள் என்பது அதற்கு அடுத்துத்தான்.

கணக்கின் அடிப்படை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வரும். இப்போதைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதை உயிரிமூல உமிழ்வாகத் தனியே காட்ட விரும்புகிறவர்கள் 2.3-ஐச் சுமார் 1.85 ஆகக் குறைக்கலாம், ஆனால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இங்கே 2.3 என்றே வைத்துக்கொள்வோம்.

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் தேசிய சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ. காற்றாலை நிறைந்த தமிழ்நாட்டுக்குத் தனி எண் போடலாமே என்று கேட்பார்கள். 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டதால், அறிக்கைக்கு நாடு முழுவதற்குமான ஒரே எண்ணைத்தான் எடுக்கிறார்கள். கம்பி வழியே போகும் இழப்பையும் சேர்த்தால் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 0.8 கிலோ என்று எடுப்பது சரியாக இருக்கும்.

இனி வருபவை இந்தக் காரணிகளை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. ஒரு வழி 15 கி.மீ., போக வர 30 கி.மீ. என்று கொள்வோம்.

காரில் ஒருவர் தனியாகப் போனால், நெரிசலில் லிட்டருக்கு 12 கி.மீ. கிடைக்கும். 2.5 லிட்டர் செலவு, 5.75 கிலோ. பைக் 45 கி.மீ. கொடுத்தால் 1.5 கிலோ. மூன்று பேர் ஏறும் டீசல் கேப்புக்கு ஆளுக்கு 3.1 கிலோ வரும். பைக்கைவிட இரண்டு மடங்கு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதல் ஆளை ஏற்றப் போகும் காலி ஓட்டமும், ஒவ்வொரு வீடாகச் சுற்றுவதும் சேர்ந்து உண்மையான தூரத்தை ஒன்றரை மடங்காக்கிவிடுவதே காரணம். கம்பெனி பஸ் 30 பேரோடு, ஷெட்டிலிருந்து வரும் காலி ஓட்டத்துக்கு 40 சதவீதம் கூட்டினால், ஆளுக்கு 0.9 கிலோ. நாற்பது பேர் ஏறிய மாநகரப் பேருந்து என்றால் 0.5 கிலோ.

வீட்டுப் பக்கம்

மடிக்கணினி எங்கே இருந்தாலும் அதே மின்சாரம்தான், அதை விட்டுவிடலாம். வீடியோ அழைப்பையும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரு மணி நேர வீடியோ ஓட்டத்துக்குச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டது 36 கிராம்தான். அதோடு, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதே அழைப்பில்தான் இருக்கிறார்.

கணக்கை மாற்றுவது மின்விசிறியும் ஏசியும். பழைய 75 வாட் விசிறி 9 மணி நேரம் ஓடினால் 0.7 யூனிட். விளக்கு, மோடம் சேர்த்து ஒரு யூனிட், 0.8 கிலோ. அதே இடத்தில் குறைந்த மின்சாரம் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி இருந்தால் 0.4 யூனிட் மிச்சமாகும்.

ஏசி வேறு கதை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியின் ஸ்டார் ஒட்டுச்சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரத்துக்கானது. அதை வகுத்தால் மணிக்கு அரை யூனிட் சொச்சம் வரும். சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை அது பொருந்தாது. மணிக்கு 0.8 யூனிட் என்று போடுவதே பாதுகாப்பு. ஐந்து மணி நேரத்துக்கு 4 யூனிட், விசிறியோடு 5 யூனிட், ஆக 4 கிலோ. காலை முதல் மாலை வரை ஓட்டினால் 6.6 கிலோ. தனி ஆளாகக் காரில் போய் வருவதைவிட இது அதிகம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டில் ஏற்கெனவே பெரியவர்களோ குழந்தைகளோ அதே அறையில் ஏசி போட்டிருந்தால், வேலை செய்பவரின் கணக்கில் அது கூடுதல் செலவு அல்ல. கூடுதலாக ஓடிய நேரத்தை மட்டும் எடுக்க வேண்டும். 'வேலை நாளில் உங்களுக்காக மட்டும் ஏசி எத்தனை மணி நேரம் ஓடியது' என்று கேட்கும் கேள்விப் படிவத்துக்கும், 'வீட்டில் ஏசி உண்டா' என்று கேட்கும் படிவத்துக்கும் கிடைக்கும் விடை இரண்டு மடங்குகூட வேறுபடும்.

நாவலூர், படூர்ப் பக்கத்து அடுக்ககங்களில் மின்தடையின்போது ஜெனரேட்டர் ஓடும். லிட்டருக்கு 3.3 யூனிட் கிடைக்கிறது என்றால் யூனிட்டுக்கு 0.8 கிலோ. கரிக் கணக்கில் வீட்டு மின்சாரத்துக்கு இணையாகத்தான் வருகிறது, ஆனால் புகை குடியிருப்பின் நடுவிலேயே வெளியேறுகிறது.

அலுவலகப் பக்கம்: மிச்சம் ஏன் காணாமல் போகிறது

வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதி அலுவலகக் கட்டடங்களுக்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பி.இ.இ.) வைத்திருக்கும் அளவுகோலில், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 175 முதல் 200 யூனிட் என்றால் ஒரு நட்சத்திரம், 100-க்குக் கீழே என்றால் ஐந்து. நடுவில் 150 என்று எடுத்து, ஆளுக்கு 8 சதுர மீட்டர், 250 வேலை நாள் என்று வகுத்தால், ஓர் இருக்கைக்கு ஒரு நாளில் 4.8 யூனிட். ஒரு மாடியை முழுவதுமாக அணைத்தால் இதில் 60 சதவீதம், சுமார் 2.9 யூனிட் நிற்கும். அதாவது 2.3 கிலோ. லிஃப்ட், வரவேற்பறை, சர்வர் அறை எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மாடியை அணைக்காவிட்டால் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். நூறு பேர் மாடியில் பதினைந்து பேர் உட்கார்ந்தாலும், குளிர்காற்றை மாடிக்குத் தள்ளும் ஏ.எச்.யு. இயந்திரத்தின் விசிறி சுற்றும், விளக்கு எரியும், வெளிக்காற்று உள்ளே வரும். குறைவது அந்த எண்பத்தைந்து பேரின் உடல் வெப்பமும் கணினி வெப்பமும் மட்டுமே.

இனிக் கூட்டிப் பார்ப்போம். மாடி அணைக்கப்பட்டு, வீட்டில் விசிறி மட்டும் ஓடும் நாளில் கார்க்காரருக்கு 7.3 கிலோ, பைக்காரருக்கு 3 கிலோ குறைகிறது. மாடி திறந்தே இருந்து, வீட்டில் ஐந்து மணி நேரம் ஏசி ஓடும் நாளில் கார்க்காரருக்கு வெறும் 1.75 கிலோதான் குறையும். பைக்காரருக்கு 2.5 கிலோவும், பேருந்தில் வருபவருக்கு 3.5 கிலோவும் கூடுகிறது.

வெளிநாட்டு ஆய்வு முடிவுகளை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். காரில் 6 கி.மீ.க்கு மேல் போகிறவருக்கு வீட்டிலிருந்து வேலை லாபம் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2020-ல் சொன்னது. 2023-ல் கார்னெல், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க ஊழியர்களை வைத்துக் கணக்கிட்டபோது, முழுநேரமும் வீட்டிலிருந்து செய்தால் 54 சதவீதம் வரை குறையும், வாரம் இரண்டு முதல் நான்கு நாள் என்றால் 11 முதல் 29 சதவீதம், ஒரே நாள் என்றால் 2 சதவீதம்தான் என்று வந்தது. ஒரு நாள் போதாது என்ற பகுதி நமக்கும் பொருந்தும். 54 பொருந்தாது. அங்கே பெரும்பாலோர் காரில் வேலைக்குப் போகிறவர்கள். இங்கே பாதை முழுக்க பைக்கும் பேருந்தும்.

மாதத்தைப் பார்த்து நாளை வைப்பது

மேலே உள்ள எண்களிலிருந்து நேராக வரும் முடிவு ஒன்று நிறுவனங்களின் திட்டங்களில் காணப்படுவதில்லை. சென்னையில் ஐப்பசி முதல் மாசி வரை பகலில் விசிறி போதும். வடகிழக்குப் பருவமழையில் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய சாலைகள் நீரில் நிற்பதும் இதே மாதங்களில்தான். வண்டிகள் ஊர்ந்து எரிபொருள் வீணாவது அப்போதுதான் அதிகம். ஆண்டுக்கு நூறு நாள் வீட்டிலிருந்து வேலை என்று ஒதுக்கினால், அதில் பெரும்பகுதியை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்து மாடிகளை மூடலாம். ஏப்ரல், மே, ஜூனில் ஆட்களை அலுவலகத்துக்கு அழைக்கலாம். ஆளுக்கு 8 சதுர மீட்டர் குளிர்விப்பதும், வீட்டில் தனி ஆளுக்காக வெயில் ஏறிய காங்கிரீட் கூரையோடு ஓர் அறையையே குளிர்விப்பதும் ஒன்றல்ல. வாரம் தவறாமல் இரண்டு நாள் என்ற ஒரே விதியைவிட இது கூடுதல் பலன் தரும்.

மாடியை மூடும் வேலையையும் முறையாகச் செய்ய வேண்டும். குழுவுக்குக் குழு வேறு நாளில் வீட்டில் இருந்தால் எந்த மாடியும் காலியாகாது. மாடியில் இருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நாள் வேண்டும். ஏ.எச்.யு.வை நிறுத்தினால் மட்டும் போதாது, குளிர்நீர் வால்வையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் அந்தச் சுற்றுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் பெட்டிகள் இருக்கும் ஹப் அறைக்குத் தனி ஸ்பிளிட் ஏசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாததால்தான் பல இடங்களில் இரண்டு நெட்வொர்க் பெட்டிகளுக்காக மாடி முழுவதும் குளிர்கிறது. பாதி பாரத்துக்கும் கீழே ஓடும் யு.பி.எஸ்.களை ஒன்றாக்க வேண்டும். மழைக்காலத்தில் தொடர்ந்து பல நாள் மூடியே வைத்தால் தரைவிரிப்பிலும் பொய்க்கூரைத் தகட்டிலும் பூஞ்சை பிடிக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் காற்றை ஓட விட்டால் அது தடுக்கப்படும்.

இவ்வளவும் செய்த பிறகும், யூனிட் குறைந்த அளவுக்கு மின்கட்டணம் குறையாது. உயரழுத்த இணைப்புகளுக்கு ஒப்பந்த மின்தேவையை ஒட்டிக் குறைந்தபட்சத் தேவைக் கட்டணம் உண்டு. ரூபாயைப் பார்த்தால் 'ஒன்றும் மிச்சமில்லை' என்று மேலாளர் கைவிட்டுவிடுவார். மாடிவாரி மீட்டரில் யூனிட்டைப் பார்க்க வேண்டும். தேவை நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று உறுதியானால் ஒப்பந்த அளவையே குறைக்க விண்ணப்பிக்கலாம்.

ஓடாத வண்டிதான் மிச்சம்

காலியான இருக்கை எதையும் மிச்சப்படுத்தாது. 30 பேர் ஏறிய கம்பெனி பஸ்ஸில் 12 பேர் ஏறினாலும் டீசல் ஏறக்குறைய அதேதான். ஆனால் அறிக்கையில், பஸ்ஸில் வராத 18 பேருக்கும் தலா 0.9 கிலோ மிச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். ஊழியர் எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கும் கணக்கில் வரும் மிகப் பெரிய பிழை இது. டீசல் பில்லோடு ஒப்பிட்டால் உடனே பிடிபடும்.

சரிசெய்வது போக்குவரத்து மேசையின் வேலை. முந்தைய நாள் மாலைக்குள் வருகைப் பட்டியலைப் பூட்டி, இரண்டு ரூட்டை ஒன்றாக்கி, 50 இருக்கை பஸ்ஸுக்குப் பதில் டெம்போ டிராவலர் அனுப்பினால்தான் கிலோமீட்டர் குறையும். எல்லோரும் செவ்வாய் முதல் வியாழன் வரை வந்து, திங்களும் வெள்ளியும் வீட்டில் இருந்தால் வண்டிகளின் எண்ணிக்கை மூன்று நாள் உச்சத்துக்கு ஏற்பவே இருக்கும். ஒப்பந்தத்தில் மாதத்துக்கு இத்தனை கி.மீ. நிச்சயம் என்று எழுதியிருந்தால், 'எப்படியும் பணம் கொடுக்கிறோம், ஓடட்டும்' என்று ஓட்டுவார்கள். அந்த நிபந்தனையை மாற்றாமல் ரோஸ்டரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

ரூட்டை வெட்டும்போது யார் அதை நம்பி இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வெட்டக் கூடாது. துப்புரவு, கேன்டீன், காவல் பணியாளர்களுக்கு வீட்டிலிருந்து வேலை கிடையாது. இரவுப் பணிப் பெண்களுக்கான கேப், காவலர் ஏற்பாடு இரண்டையும் உமிழ்வுக் கணக்குக்காகத் தொடவே கூடாது.

ஊருக்குப் போனவர்கள்

முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை என்றதும் பலர் கோவை, மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார்கள். மாதம் ஒருமுறை அலுவலகம் வர வேண்டும் என்றால் கணக்கு மாறும். கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கி.மீ. ஆம்னி பஸ்ஸில் 30 பேரோடு வந்தால் ஆளுக்குச் சுமார் 13 கிலோ, போக வர 26 கிலோ. ரயிலில் இன்னும் குறைவு. தனியாகக் காரில் வந்தால், நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கி.மீ. கிடைத்தாலும், ஒரு வழிக்கு 72 கிலோ, போக வர 144 கிலோ. முன்பு அவர் மாதம் 20 நாள் காரில் அலுவலகம் போய் வந்ததற்கே 115 கிலோதான். அந்த ஒரே பயணம் மாதத்தின் மிச்சம் முழுவதையும் தின்றுவிடுகிறது. நிறுவனங்கள் இதைத் தினசரிப் பயணமாகவும் எழுதுவதில்லை, அலுவல் பயணமாகவும் எழுதுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்து மறைகிறது.

உள்ளூரிலும் சிறு கசிவுகள் உண்டு. அலுவலகம் போகும் வழியில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, திரும்பும்போது காய்கறி வாங்கி வந்தவர், இப்போது இரண்டுக்கும் தனித்தனியே வண்டி எடுக்கிறார். பகலில் சும்மா நிற்கும் காரை வீட்டில் வேறொருவர் எடுக்கிறார். மதியச் சாப்பாட்டை ஆர்டர் செய்தால் 5 கி.மீ. பைக் ஓட்டத்துக்கு 0.25 கிலோ.

இணையவழிச் சேவைகள்

அரசுச் சேவை இணையத்துக்கு மாறினால் எத்தனை பயணம் மிச்சம் என்பதிலும் இதே தவறு நடக்கிறது. விண்ணப்ப எண்ணிக்கையைச் சராசரித் தூரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். வீட்டிலிருந்தே முடிந்த விண்ணப்பமும், இ-சேவை மையத்துக்கு இருமுறை போய் முடித்த விண்ணப்பமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

மின்கட்டணம் கட்டுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஓரிரு கி.மீ. தூரம். பலர் வேறு வேலையோடு சேர்த்துப் போனவர்கள். கரிக் கணக்கில் மிச்சம் கிராம்களில்தான். வில்லங்கச் சான்று அப்படியல்ல. முன்பு மனு கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். 10 கி.மீ. தள்ளி இருந்தால் 40 கி.மீ. பைக் பயணம், 2 கிலோ. இப்போது பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பத்திரப் பதிவுக்குப் பெரும்பாலும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டியிருக்கும்.

ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று மத்திய அரசின் ஜீவன் பிரமாண் மூலம் 2014 நவம்பரிலிருந்து மின்னணு முறையில் கிடைக்கிறது. நடக்க முடியாதவரை ஆட்டோ வைத்துக் கருவூலத்துக்குக் கூட்டிப் போன பயணங்களை அது நீக்கியது. முதலில் அது தடுமாறியது கைரேகையில். வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது, மறுபடி போக வேண்டும். 2021-ல் முகம் பார்த்துச் சரிபார்க்கும் முறை வந்த பிறகுதான் வீட்டிலேயே முடிப்பது நடைமுறைக்கு வந்தது.

இ-சஞ்சீவனி தொலைமருத்துவத்தில் நோயாளி துணை சுகாதார நிலையத்துக்குப் போயே ஆக வேண்டிய பாதை ஒன்று உண்டு, அங்கிருந்து நிபுணரை இணைப்பார்கள். அதில் மிச்சமாவது மாவட்ட மருத்துவமனைப் பயணம் மட்டுமே. மொத்தத் தூரத்தையும் எழுதினால் மிகை. மருத்துவர் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எழுதினால் அந்த மிச்சமும் போய்விடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வேறு வழியில் இதையே செய்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காகப் பலர் தனித்தனியே வருவதற்குப் பதில் ஒரு பணியாளர் ஒரு தெருவைச் சுற்றி வருகிறார்.

பயணம் திரும்பி வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: ஓ.டி.பி. பழைய கைபேசி எண்ணுக்குப் போவது, ஆதாரில் எண் இணைக்காதது, பெயரின் முன்னெழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறுவது, கோப்பின் அளவு கூடிவிட்டது என்று தளம் மறுப்பது, சர்வர் நின்றுபோய் 'நாளைக்கு வாங்க' என்பது. ஒரு துறை தன் சேவையால் மிச்சமான பயணத்தைக் கணக்கிட வேண்டுமானால், விண்ணப்பங்களில் எத்தனை எந்த அலுவலகத்துக்கும் மையத்துக்கும் போகாமல் முடிந்தன என்ற ஒரே எண்ணை முதலில் திரட்ட வேண்டும். மாதிரிக்கு நூறு பேருக்கு ஃபோன் செய்தாலே அது கிடைக்கும்.

அறிக்கையில் எழுதும் முறை

நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் ஜி.எச்.ஜி. நெறிமுறையில், ஊழியர் பயணம் மூன்றாம் எல்லையின் (ஸ்கோப் 3, நிறுவனத்துக்கு வெளியே அதன் வேலையால் வரும் மறைமுக உமிழ்வு) ஏழாம் வகை. வீட்டு மின்சாரத்தையும் அதிலேயே சேர்க்கலாம், ஆனால் கட்டாயமில்லை. அந்த விருப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு பலர் பயண மிச்சத்தை மட்டும் காட்டுகிறார்கள். நிறுவனத்துக்கே சொந்தமான பஸ் என்றால் அது முதல் எல்லை (ஸ்கோப் 1, நிறுவனத்தின் நேரடி உமிழ்வு), ஒப்பந்த பஸ் என்றால் மூன்றாம் எல்லை. இரண்டிலும் எழுதி இரட்டிப்பாவது உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கிய பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் மூன்றாம் எல்லை 'தலைமைக் குறியீடு' என்ற விருப்பப் பகுதியில் வருகிறது. தணிக்கை அங்கே தளர்வாக இருப்பதால்தான் தோராய எண்கள் தப்பிவிடுகின்றன.

திரட்ட வேண்டியவை கையருகிலேயே உள்ளன. நுழைவு அட்டைப் பதிவு, கேப் ட்ரிப் ஷீட், டீசல் பில், மாடிவாரி மீட்டர், ஜெனரேட்டர் பதிவேடு. ஊழியரிடம் கேட்க வேண்டியவை வாகனம், தூரம், ஏசி மணி நேரம் என்ற மூன்று மட்டுமே. அதை மே மாதம் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் கேட்க வேண்டும். 'வழக்கமாக எதில் வருவீர்கள்' என்று கேட்காமல் 'நேற்று எதில் வந்தீர்கள்' என்று கேட்டால் விடை உண்மைக்கு நெருங்கும். தூரத்தை அஞ்சல் குறியீட்டை வைத்து நேர்கோட்டில் எடுக்கக் கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிப் போகும் சாலை நேர்கோட்டில் போவதில்லை.

மாதவரம்–சிப்காட் மெட்ரோ வழித்தடம் இந்தச் சாலை மீதே வருகிறது. மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடம் மேடவாக்கம் பக்கமாக வந்து சேர்கிறது. அவை திறந்து, காரை விட்டுவிட்டு ரயிலில் வருகிறவர்கள் கூடினால், வீட்டிலிருந்து வேலையால் வரும் பயண மிச்சம் அவர்களுக்குப் பெருமளவு சுருங்கிவிடும். அந்த ஆண்டில் மேலே உள்ள 5.75 கிலோவை வைத்தே தொடர்ந்து பெருக்கக் கூடாது. வாகனக் கணக்கெடுப்பைப் புதிதாக எடுத்து, வீட்டிலிருந்து வேலை செய்யும் மே மாத நாள்களையும் டிசம்பர் நாள்களையும் தனித்தனியே திரும்பப் போட வேண்டும்.